எவர்சில்வர் கோபம்

கள்ளிக்குப்பம், கொரட்டூர், திருமுல்லைவாயல், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள். ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்து, "கோபக்கார சார் வீடு எது?" என்று கேளுங்கள். "எந்த சார்?" என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கை நேராக ஒரு வீட்டைக் காட்டும். தெருவுக்கு ஒருவர் உண்டு. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பாடியிலோ ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ முப்பது வருஷம் உழைத்தவர். வேலையை விட்டு வந்த பிறகும் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு இன்ச் ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். கேட்டருகே படுத்திருக்கும் தெருநாய், இவர் வருவது தெரிந்தால் எதிர்வீட்டுக்கு ஜாகை மாற்றிக்கொள்ளும்.

உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கோபப்படுகிறார் என்று சொல்ல முடியாது. சாம்பாரில் உப்புதான் பல நாள் விஷயமே. மற்ற நாட்களில் தண்ணி டேங்க் நிரம்பி வழிந்திருக்கும். 12-13 ஸ்பானர் எடுத்த இடத்தில் இருக்காது. அவர் படிப்பதற்கு முன்பே பேப்பரை யாரோ பிரித்து, மடிப்பு மாறிப்போயிருக்கும். அவ்வளவுதான், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வானத்துக்கும் பூமிக்கும் குதித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் "காபி எங்கே?" என்பார். குடும்பம் மட்டும் ராத்திரி வரைக்கும் ஜாடையில் பேசிக்கொண்டிருக்கும்.

"அவருக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுங்க" என்பார் அந்த வீட்டு அம்மா. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை இது. எனக்கு மட்டும் சந்தேகம் உண்டு. அவர் இதுவரை எறிந்த பொருள்களைப் பாருங்கள்: டம்ளர், தட்டு, டவரா, ஒருமுறை இட்லித் தட்டு. அத்தனையும் எவர்சில்வர். அதே மேஜையில் கண்ணாடி ஜாடி இருக்கும், அது பிழைத்தது. ரெண்டடி தள்ளி நாற்பத்து மூன்று இன்ச் டி.வி. இருக்கும், ஒரு கீறல் கிடையாது. டம்ளர் பறக்கும் திசையில் முருகன் காலண்டர் இருந்ததே இல்லை. கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது, எது உடையும் எது நெளியும் என்று உலோகவியலும் தெரிகிறது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. இதே மனிதரை எஸ்டேட்டில் ஜி.எம். எதிரே நிற்க வைத்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள். டை மாற்ற ஒரு மணி நேரம் தாமதமானதற்காக நாற்பது பேர் முன்னால் திட்டு வாங்கியபோதும், "எஸ் சார், பார்த்துக்கறேன் சார்." ரயிலில் வில்லிவாக்கத்தில் ஏறும் கூட்டம் காலை மிதித்துக்கொண்டு போகும், வாய் திறக்க மாட்டார். பாடியில் போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் சிரித்த முகத்தோடு ஹெல்மெட்டைக் கழற்றுவார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்குத் தகரத்தடுப்பு வைத்த நாளிலிருந்து குமணன்சாவடி நெரிசலில் அவர் விட்ட பெருமூச்சு கொஞ்சமல்ல. மெட்ரோ தூணைத் திட்ட முடியுமா? எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டு பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதும் திறப்பார்.

இதை வள்ளுவர் கண்டுபிடித்துவிட்டார். வெகுளாமை என்று 31ஆம் அதிகாரம் எழுதி, எடுத்த எடுப்பில் முதல் குறளிலேயே பிடித்துவிட்டார். பலிக்கிற இடத்தில் அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்குகிறவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால்தான் என்ன என்பது அவர் வாதம். ஜி.எம். முன்னால் அடங்கியதற்கு மார்க் கிடையாது. மார்க்கெல்லாம் சமையலறை வாசலில்தான். இந்தக் குறளை நம் சாரின் பெண் ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தபோது, "சத்தமா படி" என்று அதட்டினார். அர்த்தத்தைக் கேட்கவில்லை.

வீட்டு அம்மா இந்த முப்பது வருஷத்தில் ஒரு வானிலை ஆய்வு மையமாகவே மாறிவிட்டார். ஸ்கூட்டர் ஸ்டாண்டை உதைக்கும் சத்தத்திலேயே அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார். இரட்டை உதை என்றால் மகனுக்குக் கண்ணால் எச்சரிக்கை போகும். அவன் மொட்டைமாடிக்குப் போய்விடுவான். பள்ளிக்கூட ஃபீஸ், போனில் விழுந்த விரிசல், தம்பி கல்யாணத்துக்கு மொய், எந்தச் செய்தியானாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தயிர்சாதம் முடிந்து அவர் கை கழுவி வந்த பிறகுதான் வெளியிடப்படும். பசியோடு இருக்கும் மனிதனிடம், அதுவும் சர்க்கரை மாத்திரை போட்டவனிடம், கணக்கு வழக்கு பேசக்கூடாது என்பதை அந்த அம்மாவுக்கு எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை. சர்க்கரை இறங்கினால் எரிச்சல் ஏறும் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது, "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோபம் தலைக்கேறியிருக்கும்போது "கோபப்படாதீங்க" என்று சொல்வது அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. இதையும் அந்த அம்மா பழகித் தெரிந்துகொண்டதுதான். அந்த நேரத்தில் பதில் கிடையாது. ஆனால் மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, ஆற அமர, "நேத்து நீங்க பேசினது சரியில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் வரும். கோபத்துக்கு மருந்து தாமதம்தான் என்று ரோமாபுரி செனெகா மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். அவரிடம் படித்தவன்தான் நீரோ மன்னன். கடைசியில் வாத்தியாரையே சாகச் சொன்னான். நம் அம்மாவின் பாடத்துக்கு அவ்வளவு மோசமான ரிசல்ட் இல்லை. மறுநாள் சார் மன்னிப்புக் கேட்க மாட்டார். அந்த வார்த்தை அவர் அகராதியில் கிடையாது. ஆனால் மூன்று மாதமாக ஒழுகும் குழாய்க்கு அன்றைக்கு வாஷர் மாறும். சாயங்காலம் மல்லிப்பூவும் பாதுஷாவும் வரும். நெளிந்த டம்ளரை எடுத்துப்போய், உள்ளே மரக்கட்டையைக் கொடுத்து, நைலான் சுத்தியலால் மெள்ளத் தட்டித் தட்டி நிமிர்த்திவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். டூல் ரூம் கை அல்லவா!

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும். டம்ளரைப் பிடித்த கை மனுஷர் மேல் நீண்டால் அந்த வீட்டில் தயிர்சாத வைத்தியம் செல்லாது. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது; 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டமும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது அல்ல.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். "அவருக்கு பி.பி. இருக்கு, அதான்" என்பார் மைத்துனர். பி.பி. பெரும்பாலும் சத்தமே போடாத வியாதி. சத்தம் போடுவது இவர்தான். "கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்பார் சித்தப்பா. இந்தச் சான்றிதழ் ஆண்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதே சத்தத்தில் அதே வீட்டு அம்மா ஒரு நாள் பேசியிருந்தால் குணத்தைத் தேடி யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

உண்மையான துப்பு அவர் பெண்ணிடமிருந்து வந்தது. நர்ஸிங் படித்துவிட்டு முகப்பேர் பக்கம் வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் அம்மா, "சட்டை தோய்ச்சாச்சு" என்றதற்கு அப்பா, "யாருக்குடி கட்டை ஓய்ஞ்சாச்சு?" என்று பாய்ந்தார். மற்றவர்கள் பதறினார்கள், இவள் மட்டும் யோசித்தாள்.

அப்பா இருபது வருஷம் பவர் பிரஸ் பக்கத்தில் நின்றவர். 1964இல் எஸ்டேட் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அப்படி ஏதோ ஒரு மிஷின் பக்கத்தில் நின்றவர்கள்தான். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது இங்கே சட்டம் வைத்த எல்லை. ஸ்ட்ரிப் வெட்டும் பிரஸ் வரிசை அதை எளிதாகத் தாண்டும். காது அடைப்பான் கொடுப்பார்கள். அது லாக்கரில் இருக்கும். ஆடிட்டர் வரும் நாளில் காதில் இருக்கும். சத்தத்தால் காது மந்தமாவதை 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருந்தது. அதில் ஒரு விசித்திரம்: எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குறையாது. முதலில் விழுவது 4,000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். லாரி ஹாரன் கேட்கும், ஜி.எம். குரல் கேட்கும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தான் முதலில் மங்கும். வார்த்தையில் 'ச', 'த' போன்ற மெல்லிய ஓசைகள் கரைந்து, சட்டை கட்டையாகும். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் சாதாரணமாகப் பேசுவதும் கத்தலாக வரும். வீட்டில் எல்லோரும் தன் முன்னால் முணுமுணுக்கிறார்கள் என்று வேறு தோன்றும். முப்பது வருஷமாக அந்தக் குடும்பம் கோபம் என்று நினைத்துப் பயந்ததில் பாதி, எஸ்டேட் கொடுத்த செவிடு.

மீதிப் பாதிக்கு எஸ்டேட் பொறுப்பில்லை. அதை அவர் பெண்ணும் விட்டுவிடவில்லை. நைட் ஷிஃப்ட் கெடுத்த தூக்கம், ரிட்டயர் ஆனபின் காலை ஏழு மணிக்கு எங்கே போவதென்று தெரியாத தவிப்பு, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். ஆண்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வராமல் எரிச்சலாகவே வருவது உண்டு. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே இதற்கெல்லாம் பேசலாம். "பைத்தியமா எனக்கு?" என்று அவர் குதித்தார். முதலில் காதைப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. காதுக்கு மிஷின் என்றதும் சாந்தமாகிவிட்டார். மிஷின் என்றால் அவருக்கு மரியாதை.

மாட்டிக்கொண்ட முதல் நாள் ஃபேனில் ஒரு கிறீச் கேட்டு எண்ணெய் விட்டார். பால் பொங்குவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருகிறது என்று ஆச்சரியப்பட்டார். சாயங்காலம் சாம்பாரைப் பற்றி வழக்கமான ஒரு வார்த்தை சொன்னார். சின்க் பக்கம் திரும்பியிருந்த அம்மா, வழக்கம்போல் குழாய்த் தண்ணீருக்குள் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னே? பெரிய ஜி.எம்.முன்னா?"

முப்பது வருஷமாக இதற்கு "ஒண்ணுமில்ல, பாத்திரத்தோட பேசிட்டிருந்தேன்" என்பதுதான் பதில். இந்த முறை கேட்டுவிட்டதே! அம்மா குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து நாலைந்து டம்ளரை எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தார்.

"ஸ்கேல் வச்சிருக்கீங்களே, படிச்சுப் பாருங்க. எல்லாத்துலயும் எங்கம்மா பேரு வெட்டியிருக்கு. நீங்க எறிஞ்சது பூரா எங்க வீட்டுச் சீர். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸுக்கு கம்பெனி குடுத்த குடம் ஷோகேஸ்ல இருக்கே, அதுவும் எவர்சில்வர்தான். அதை ஒரு நாளாவது எறிஞ்சீங்களா?"

அவர் ஷோகேஸைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். ஒரு டம்ளரை எடுத்து வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினார். அப்புறம் சுத்தியல் எடுக்கப் போனார்.

இப்போது டம்ளர் பறப்பது அபூர்வம். குரலும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் சேர்த்து வைத்திருந்த முப்பது வருஷத்தை அம்மா தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தீர்க்கிறார். ஒரு அளவுக்கு மேல் போனால் அவர் மிஷினைக் கழற்றி ஸ்கேலுக்குப் பக்கத்தில் பைக்குள் போட்டுக்கொள்கிறார். "மாட்டுங்க அதை!" என்று அம்மா போடும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது.

"பாவம் அந்த மனுஷன்" என்கிறார்கள் தெருவில். "அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி."