இன்றைய பகுதி யாருக்கு?

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடும்பத் தலைவனுக்கு மிச்சமிருக்கும் அதிகாரம் ஒன்றே ஒன்றுதான். ராத்திரி குடும்ப ஜெபத்தில் எந்தப் பகுதியை வாசிப்பது என்று அவன் தீர்மானிக்கலாம். டி.வி. ரிமோட், மகன் பிளஸ் ஒன்னில் எடுக்கவேண்டிய குரூப், ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு என்பதெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டன. வேதப்புத்தகம் மட்டும் இன்னும் என் மடியில்தான் இருக்கிறது. அதை நான் கண்ணியமாகக் கையாண்டேன் என்று இங்கே எழுதினால் அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"எல்லா வேலைக்கும் நான் ஒருத்திதானா?" என்று மனைவி பாத்திரத்தோடு பேசிய ஒரு நாள், லூக்கா பத்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். மார்த்தாள் பணிவிடையில் அலைக்கழிந்து, தங்கை மரியாள் கைகொடுக்கவில்லை என்று வந்த விருந்தாளியிடமே புகார் வைக்கிற இடம். குரலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கியே வாசித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை டிபன் நேரத்தில் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவர் மெச்சுனது மரியாளைத்தானே? அதான் உக்காந்துட்டேன். மாவு ஃபிரிட்ஜுல இருக்கு." நான் வார்த்த தோசையைப் பற்றி லூக்கா ஒன்றும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதப்போவதில்லை.

மகனுக்கு அதே லூக்காவில் பதினைந்தாம் அதிகாரம். பைக்கில் கீறலோடு வீடு திரும்பியவனுக்குக் கெட்டகுமாரன் கதையைவிடப் பொருத்தமான மருந்து உண்டா? அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பா, இதுல அந்தப் பையன் மன்னிப்புக் கேக்க ஒரு பேச்சைத் தயார் பண்ணிட்டு வாறான். முழுசாச் சொல்லி முடிக்கதுக்குள்ள அந்த அப்பா புதுத்துணி, மோதிரம், செருப்பு எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுதாரு. பைக்கைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கலை" என்றான். அந்தக் காலத்தில் பைக் இல்லை என்று பதில் சொன்னேன். இறையியல் ரீதியாக அது பலவீனமான பதில் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

ஆனால் இந்தக் கலையில் என் அம்மாவிடம் நான் பிச்சை வாங்கவேண்டும். அம்மாவுக்கு வேதப்பகுதியே வேண்டாம், ஜெபம் போதும். மிஷனெரிகள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகள் என்று ஒழுங்காகத் தொடங்கிக் கடைசிக் கட்டத்தில் வீட்டுக்குள் நுழைவார்கள். "ஆண்டவரே, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு நல்ல ஞாபகசக்தியைத் தந்தருளும். ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனைப் பார்க்கிற கண்களைப் பாதுகாத்தருளும். காணிக்கைக் கவரில் எவ்வளவு வைக்கவேண்டுமென்று சிலருக்கு உணர்த்தியருளும்." கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு கேட்கவேண்டும். குறுக்கே பேச முடியாது. போதாக்குறைக்கு நம்மைப் பற்றிய குற்றப்பத்திரிகைக்கு நாமே கடைசியில் ஆமென் சொல்லவும் வேண்டும். நானும் ஒருமுறை பதில் ஜெபம் செய்து பார்த்தேன். எனக்கு அந்த நடை வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்சி இந்தப் புது வருஷத்தில் கவிழ்ந்தது. ஆண்டிறுதி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை தருவார்கள். அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. எந்த வருஷமும் அது என்னை ஆசீர்வதிக்கத்தான் செய்கிறது. உண்டானதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று ஆண்டவர் பணக்கார வாலிபனிடம் சொன்ன இடத்தையோ, மறு கன்னத்தைக் காட்டச் சொல்லும் இடத்தையோ ரோஜாப்பூப் படம் போட்டு அச்சடித்த அட்டையை நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் அதோடு வேதவாசிப்பு அட்டவணை ஒன்றும் கொடுத்தார்கள். தினம் ஒரு அதிகாரம், முதலில் நான்கு சுவிசேஷங்களும், வரிசை மாறாமல். மொத்தம் 89 அதிகாரம். மனைவி அதை வாங்கியதும் நேரே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். "இனிமே யாரும் தேட வேண்டாம்லா?"

இந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன், அதில் ஓட்டை ஏதாவது கிடைக்குமா என்றுதான். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபையார் 1728இல் அன்றாட வசனம் ஒன்றை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். சின்சென்டார்ஃப் பிரபுவின் ஏற்பாடு. 1731இலிருந்து அது வருஷாவருஷம் புத்தகமாகவே வருகிறது. அதில் அன்றன்றைய பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். யாருக்கு எது சேரும் என்று குடும்பத் தலைவன் தீர்மானிக்க வழியே இல்லை. இந்த மொரேவியர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களை எங்கோ முன்பே பார்த்திருக்கவேண்டும்.

தியானப் புத்தகங்களில் பெயர்பெற்றது ஆஸ்வால்டு சேம்பர்ஸ் என்பவருடையது. அவர் 1917இல் எகிப்தில் காலமாகிவிட்டார். அவர் பேசியதையெல்லாம் மனைவி சுருக்கெழுத்தில் குறித்து வைத்திருந்து, 1927இல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் என்று தொகுத்துப் புத்தகமாக்கினார். நான் பேசுவதையும் ஒருத்தி ஒரு சொல் விடாமல் மனதில் குறித்து வைத்திருக்கிறாள். அவள் வெளியிடுவது அவசியம் ஏற்படும்போது மட்டும், அதுவும் உறவினர் முன்னிலையில்.

ஜனவரியில் மத்தேயு தொடங்கியது. முதல் நாள் வம்சவரலாறு. மகன் பெயர்களில் தடுக்கி விழுந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஆறாம் அதிகாரம் வந்தபோது, நாளையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்ற இடத்தில் எல்லோரும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்வெர்ட்டருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கும் கேட்டுக்குப் போட்ட இரண்டாவது பூட்டுக்கும் சேர்த்தே விசுவாசத்தில் வாழ்கிற மனுஷன். ஆகாயத்துப் பறவைகளுக்கு ஈ.எம்.ஐ. இல்லை என்று முணுமுணுத்தேன். "கடன் வாங்கச் சொன்னது பறவையா?" என்றாள் மனைவி.

உண்மையான அடி பதினெட்டாம் அதிகாரத்தில் விழுந்தது. அன்று பார்த்து மச்சான் வந்திருந்தான். என்னிடம் வாங்கிய கடனை 'அடுத்த மாசம்' என்று காலண்டர் காணாத ஒரு மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கும் மச்சான். வாசிப்பு, பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காகச் சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்த உவமை. அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ விளக்கம் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம் என்று தாளில் பெருக்கிக் காட்டினேன். ஆக மன்னிக்கப்பட்டது ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைத்து முடிக்க இரண்டு லட்சம் வருஷம் ஆகும். மற்றவன் பட்ட கடனோ வெறும் நூறு நாள் சம்பளம்.

"நூறு நாள் சம்பளம்னா," என்று மனைவி கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள், "ஏங்க, தம்பிக்கு நீங்க குடுத்ததும் கிட்டத்தட்ட அதுதானே?" அன்று ராத்திரி வீட்டிலேயே சத்தமான ஆமென் மச்சானுடையது. என்னைக் கட்டிப்பிடித்து, வேதத்தை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கிக் கேட்டதில்லை என்றும் சொன்னான்.

இத்தனைக்கும், அதற்கு முந்தின நாளே நான் பாடம் கற்றிருக்கவேண்டும். பதினேழாம் அதிகாரத்தின் முடிவில் தேவாலய வரி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஆண்டவர் பேதுருவைக் கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் இரண்டு பேருக்கும் ஆகிற காசு இருக்கும். மாநகராட்சிக்குக் கட்டவேண்டிய எங்கள் வீட்டுத் தீர்வை அப்போது பாக்கி. விசுவாசத்தோடு காத்திருந்தால் எல்லாம் வந்துசேரும் என்று நான் தொடங்கும்போதே மனைவி குறுக்கிட்டாள்.

"வந்துசேரலையே, தூண்டிலை எடுத்துட்டுப் பேதுருல்லா போனாரு? கட்டுனதும் அவருதான். நாளைக்குக் காலையில நீங்க கிளம்புங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்கள். "ஏல, தீர்வை கட்டிட்டு வரும்போது மார்க்கெட்டுல அரைக்கிலோ சாளை வாங்கிட்டு வா. செவுளை மட்டும் பாத்து வாங்காத, வாயையும் தொறந்து பாத்துக்கோ."