மாட்டை முழுசாகப் பார்க்காத மருமகன்

அன்புள்ள மாமாவுக்கு, கெச்சியாவிலிருந்து உங்கள் மருமகன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒரு கன்டெய்னர் துணி மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் நாலே நாலு சீன எழுத்து. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற உங்களுக்கு இந்தக் கதை ருசிக்கும் என்பதால், முதலாளிக்கு எழுத வேண்டிய விளக்கக் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு மருமகன் முதலில் உங்களுக்கு எழுதுகிறான்.

கெச்சியாவ் என்பது ஜெஜியாங் மாகாணத்தில் ஷாவ்ஷிங் நகரைச் சேர்ந்த பெரிய துணிச் சந்தை. பாலியஸ்டர் வகையறாவுக்குத் திருப்பூர்க்காரர்களும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். மருமகனும் அப்படி வந்து நின்று, நின்ற இடத்திலேயே ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. விலை பேசும் சீனம், வசவு பேசும் சீனம் இரண்டிலும் உங்கள் மருமகன் தேறிவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இலக்கியச் சீனத்தில் கைவைத்தான்.

போன மாதம் ஒரு மில்லிலிருந்து முதல் லாட் வந்தது. லேப் டிப்பில், அதாவது முன்கூட்டிச் சாயம் ஏற்றிக் காட்டிய மாதிரித் துண்டில், நாவற்பழ நிறம். வந்த துணியில் கத்தரிக்காய். மொழிபெயர்ப்புச் செயலியைத் தொடாமல், சொந்தச் சரக்கில் மில் முதலாளிக்கு மருமகன் ஒரு செய்தி அனுப்பினான்: உங்கள் சாயம் ‘சா சியாங் ரென் யீ’. அந்தத் தொடரைச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் பிடித்திருந்தான். சீனாவின் ஆண்கள் கால்பந்து அணி ஆடிய லட்சணத்தைச் சொல்ல ஒரு நிருபர் எழுதியிருந்தார். 2002 உலகக் கோப்பைக்குப் போய் மூன்று ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் திரும்பிய அணி அது. அதைப் பற்றி என்ன சொன்னாலும் பாராட்டாக இருக்க வாய்ப்பில்லை என்று மருமகன் கணக்குப் போட்டான். ‘திருப்தியில்லை’ என்று பொருள் கொண்டான்.

மில் முதலாளி கட்டைவிரலும் ரோஜாப்பூவும் திருப்பி அனுப்பினார். மறுநாளே மீதித் துணி முழுவதையும் அதே கத்தரிக்காயில் ஏற்றிவிட்டார். கேட்டபோது, அகராதியின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அதில் பொருள் பளிச்சென்று இருந்தது: ‘ஓரளவு திருப்தி தருவது’.

மருமகன் கீழ்வீட்டுப் பெரியவரிடம் ஓடினான். அவர் ஓய்வு பெற்ற மொழியாசிரியர். குடியிருப்பு முழுக்க அவரை ‘லாவ்ஷி’ என்றுதான் கூப்பிடும். வாத்தியாரே என்று அர்த்தம். உங்களைப் போலவே அவருக்கும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா உண்டு. மின்தூக்கியில் ஒட்டிய அறிவிப்பைக்கூடத் திருத்தாமல் விடமாட்டார். கதையைக் கேட்டதும் முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இரண்டாயிரம் வருஷம் பழையது. பிற்கால ஹான் வம்சத்தின் குவாங்வூ பேரரசருக்கு வூ ஹான் என்று ஒரு தளபதி. போரில் பின்னடைவு வந்து மற்றவர்கள் முகம் தொங்கிப் போயிருந்த நேரத்தில், இவர் மட்டும் ஆயுதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேள்விப்பட்ட அரசர், இந்த மனிதராவது நெஞ்சுக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறாரே என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுதான் இந்தத் தொடர். அன்றைக்கு ‘சா’ என்றால் ‘கொஞ்சம்’. இன்றைக்குக் கடைத்தெருவில் அதே எழுத்துக்கு ‘மட்டம்’ என்று பொருள். எழுத்து கண்ணில் பட்டதும் பாதி சீனாவுக்கு மட்டம்தான் நினைவுக்கு வருகிறது. நிருபருக்கும் அப்படித்தான் வந்தது. ஆக, கன்டெய்னர் விவகாரத்தில் பேரரசரே மில்லுக்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட நாலெழுத்துத் தொடர்களுக்கு ‘செங்யூ’ என்று பெயர். நாலு எழுத்து, பின்னால் ஒரு கதை. கதை தெரியாதவன் எழுத்தை மட்டும் கூட்டிப் பொருள் சொன்னால் குழியில் விழுவான். குழி எங்கே என்று கண்டுபிடிக்கவே பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தாளே சீன மொழி, 150 மதிப்பெண். செங்யூவைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியுமா என்று அதில் காலங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். தேர்வின் பெயர் ‘காவ்காவ்’. காக்கை கத்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

தன் ஆபீஸ் கதை ஒன்றை அன்றைக்கு மருமகன் லாவ்ஷியிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லலாம். வருஷக் கடைசியில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் நாலு வரி எழுதித் தரும் வழக்கம் இங்கே உண்டு. மருமகனைப் பற்றி எழுதும் பொறுப்பு கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு வந்தது. ‘மூ வூ சுவென் நியூ’ என்று எழுதிவிட்டார். எழுத்தெண்ணிப் படித்தால், ‘கண்ணில் முழு மாடு இல்லை’. காங்கேயம் பக்கத்தில் பிறந்தவனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது! கண்ணபுரம் சந்தையில் தாத்தா பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, திமிலைத் தடவி மாடு பிடிப்பதைக் கூடவே நின்று பார்த்த பிள்ளைக்கு மாடு தெரியவில்லையாம். இரண்டு நாள் அக்காவோடு பேச்சு இல்லை.

பிறகுதான் தெரிந்தது, அது சுவாங்சு நூலில் வரும் ஒரு சமையல்காரரின் கதை. திங் என்ற அந்தச் சமையல்காரர் அரசர் முன்னால் மாட்டை அறுக்கிறார். கத்தி தாளம் தப்பாமல் போகிறது. அரசர் வியந்து கேட்க, அவர் விளக்கம் சொல்கிறார். தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணுக்கு மாடுதான் தெரிந்ததாம். மூன்று வருஷம் போன பிறகு முழு மாடு தெரிவதில்லை, மூட்டும் இடைவெளியும்தான். சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், நல்ல ஆள் வருஷத்துக்கு ஒன்று. இவர் கத்திக்கு வயசு 19. ஆயிரக்கணக்கில் மாடு பார்த்தும், இப்போதுதான் சாணைக்கல்லிலிருந்து எடுத்ததுபோல் இருக்கிறது. கத்தி எலும்பில் படுவதே இல்லை, இடைவெளியில் போய் வருகிறது. ஆக, முழு மாடு கண்ணில் படவில்லை என்பது கைத்தேர்ச்சியின் உச்சிக்குச் சொல்லும் பாராட்டு.

மருமகன் ஒரு பெட்டி மைசூர்பாகோடு போய் மன்னிப்புக் கேட்டான். ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. இதே தொடரை ‘மொத்தத்தையும் பார்க்கத் தெரியாதவன், குறுகிய பார்வைக்காரன்’ என்ற பொருளில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தவறாகப் பயன்படும் செங்யூ பட்டியல்களில் அதற்கு நிரந்தர இடம். அக்கா எந்தப் பக்கம்? கேட்டால் சிரிக்கிறார். மைசூர்பாகை மட்டும் முழுசாகப் பார்த்துவிட்டார்.

அடுத்தது ஜோசியம். சின்னக்கா மகளுக்குக் கேட்டை நட்சத்திரம் என்று வரன் தட்டிப் போகிறது என எழுதியிருந்தீர்கள். இங்கே அதே கேட்டைக்குப் ‘பெருநெருப்பு’ என்று பெயர். ஆங்கிலத்தில் அன்டாரிஸ் என்கிறார்களே, அந்தச் சிவப்பு விண்மீன். சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதத்தில், அதாவது சுமாராக ஆகஸ்டில், அது மேற்கே சரியும். வெயில் குறைந்து குளிர் வரப் போகிறது, துணிமணியைத் தயார் செய்யுங்கள் என்று பொருள். பழம்பாடல் தொகுப்பான ஷிசிங்கில் இருக்கிறது இந்த ‘சீ யுவே லியூ ஹுவோ’. எழுத்துப்படி ‘ஏழாம் மாதம், ஓடும் நெருப்பு’. ஜூலையும் ஏழாம் மாதம், நெருப்பும் இருக்கிறது, போதாதா? ஏசி விற்பவரிலிருந்து வானிலை சொல்பவர் வரை கொளுத்தும் வெயிலுக்கு இதையே சொல்கிறார்கள். 2005 ஜூலையில் பெய்ஜிங்கின் பெரிய பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர், தைவானிலிருந்து வந்த அரசியல் தலைவரை வரவேற்றுப் பேசும்போது வெயிலின் சூட்டுக்கும் வரவேற்பின் சூட்டுக்கும் முடிச்சுப் போட இதைப் பயன்படுத்த, பத்திரிகைகள் பல நாள் அதை வைத்தே பிழைத்தன. சம்பந்தி வீட்டில் சொல்லிப் பாருங்கள் மாமா: சீனாவில் கேட்டை குளிர்ச்சி தரும் நட்சத்திரம்.

லாவ்ஷிக்கு மிகவும் பிடித்தது மூங்கில். காகிதம் வருவதற்கு முன் இங்கே மூங்கில் பட்டைகளில் தூரிகையும் மையும் கொண்டு எழுதினார்கள். பிழை வந்தால் சின்னக் கத்தியால் சுரண்டிவிட்டு மேலே எழுதலாம். அரசாங்க எழுத்தர்களுக்குக் ‘கத்தி-தூரிகைக்காரர்கள்’ என்றே பட்டப்பெயர். சுரண்டுவதற்குப் பெயர் ‘கான்’. ‘பு கான் ஜி லுன்’ என்றால் சுரண்டத் தேவையில்லாத பேச்சு. ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாத முடிந்த முடிபு. மூங்கிலோடு கத்தியும் போனது. ‘கான்’ இன்றைக்குப் பத்திரிகைக்கும் பிரசுரத்துக்கும் பெயராகிவிட்டது. கல்லூரிப் பையன்களிடம் இந்தத் தொடரைக் காட்டினால், ‘பிரசுரிக்க லாயக்கில்லாத கட்டுரை’ என்கிறார்கள். உங்கள் மருமகன் அனுப்பிய கதைகளைப் பத்திரிகைகள் வருத்தத்துடன் திருப்பி அனுப்பியபோதெல்லாம் நீங்கள் சிரித்தீர்களே. பழைய பொருளில் பார்த்தால் அவை அத்தனையும் மாற்ற முடியாத உண்மைகள்!

இதற்கு ஒரு தம்பி உண்டு: ‘வென் பு ஜியா தியென்’. எழுத்துப்படி ‘எழுத்தில் புள்ளி சேர்க்காதது’. நம் ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்று நீங்கள் வகுப்பெடுத்திருப்பதால், மருமகன் லாவ்ஷியிடம் பெருமையாக, “எங்கள் ஊரிலும் அப்படித்தான்” என்றான். லாவ்ஷி உதட்டைப் பிதுக்கினார். இந்தப் புள்ளி அடித்தல் குறியாம். பிழையான எழுத்தின் மேல் மையால் ஒரு பொட்டு வைத்து நீக்குவார்கள். ஹான் காலத்து இறுதியில் மீ ஹெங் என்ற வாய்த்துடுக்குக்காரக் கவிஞர், விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கிளியைப் பற்றி நீண்ட பாட்டை ஒரு பொட்டுகூட வைக்காமல் எழுதி முடித்தாராம். இன்றைக்கு இதை நிறுத்தக்குறி போடாமல் எழுதுபவரைத் திட்டப் பயன்படுத்துகிறார்கள். போனில் காற்புள்ளி முற்றுப்புள்ளி எதுவும் இல்லாமல் அடித்துத் தள்ளும் பேரன் தலைமுறை முழுவதும் ஒரே இரவில் மீ ஹெங் ஆகிவிட்டது என்று லாவ்ஷிக்கு வயிற்றெரிச்சல்.

மூங்கில் தைவானிலும் ஒருவர் காலை வாரியிருக்கிறது. ‘சிங் ஜூ நான் ஷூ’ என்றால், இருக்கிற மூங்கில் அத்தனையும் தீர்ந்தாலும் எழுதி மாளாது. எதை? குற்றங்களை. சுய் வம்சத்தின் யாங் பேரரசர் மேல் கிளர்ச்சிக்காரர்கள் போட்ட குற்றப்பத்திரிகையிலிருந்து வந்தது. 2006 மே மாதம் அதிபர் சென் ஷுய்-பியான் தொண்டர்களின் சேவையைப் புகழ இதையே எடுத்துவிட்டார். கல்வி அமைச்சர், அவரே வரலாற்று அறிஞர், அதிபர் சொன்னதில் தவறில்லை என்று வாதாட, எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

எல்லாப் பிழையும் இப்படி வேடிக்கையாக இருப்பதில்லை. சிலது நியாயமாகவே இருக்கிறது. ‘வான் ரென் கோங் ஷியாங்’, பத்தாயிரம் பேர், காலியான சந்து. 11ஆம் நூற்றாண்டில் ஹாங்சோவில் அதிகாரியாக இருந்த கவிஞர் சூ ஷியின் பாட்டில் வருவது. எட்டாம் மாதம் 18ஆம் நாள் சியென்தாங் ஆற்றில் கடல் சுவர்போல எழுந்து எதிரேறி வரும். அந்த அலையைப் பார்க்க ஊரே அலங்கரித்துக்கொண்டு கிளம்பியதால் சந்துகள் காலி. கூட்டம் வெளியே வந்த கதை அது. இப்போது டிவி தொடருக்காக எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து தெரு வெறிச்சோடினால் இதைச் சொல்கிறார்கள். பொருள் தலைகீழ். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் ராமாயணம் ஓடிய காலத்தில் நம் வீதி எப்படி இருந்தது? சந்து என்னவோ காலிதானே. லாவ்ஷியிடம் இதைச் சொல்ல மருமகனுக்குத் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் அகராதியே ஓரிடத்தில் கைதூக்கிவிட்டது, அந்தக் காயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ‘கோங் ஷுயே லாய் ஃபெங்’, பொந்து இருந்தால் காற்று வரும். சூ நாட்டுக் கவிஞர் சோங் யூ தன் அரசரிடம் காற்றைப் பற்றிப் பேசியதிலிருந்து வந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்கிறோமே, அதேதான்: வதந்திக்கும் ஏதோ அடிப்படை உண்டு. ஆனால் நடிகைகளின் மறுப்பு அறிக்கையெல்லாம் இதை ‘ஆதாரமே இல்லாத புரளி’ என்ற பொருளில் பயன்படுத்திப் பயன்படுத்தி, கடைசியில் நவீன சீன மொழி அகராதியும் இப்போது பெரும்பாலும் அந்தப் பொருள்தான் என்று சேர்த்துக்கொண்டது. புகை வருகிறது, நெருப்பு இல்லை என்று அச்சிட்டே கொடுத்துவிட்டார்கள். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம்தான் என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போனது லாவ்ஷியின் முகம்.

விளம்பரக்காரர்கள் தனி ஜாதி. தெரிந்தே விளையாடுவார்கள். ‘நொடியும் தாமதிக்கலாகாது’ என்ற செங்யூவில், நொடியைக் குறிக்கும் எழுத்தை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள இருமல் எழுத்தைப் போட்டு மருந்து விற்றார்கள். 2014 நவம்பரில் ஒலிபரப்புத் துறை மேலிடம், தொலைக்காட்சி வானொலி விளம்பரங்களில் இப்படிச் செங்யூவைச் சிதைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டு, இந்த இருமலையே உதாரணமும் காட்டியது. கெச்சியாவ் மருந்துக்கடைக்காரரிடம் மருமகன் இதைக் கேட்டபோது, சிரித்துக்கொண்டே இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கன்டெய்னர் என்ன ஆயிற்று என்று அத்தை கேட்பார். மில் முதலாளியோடு மூன்று சுற்றுத் தேநீர், ஒரு சுற்று ஷாவ்ஷிங் அரிசி மது (மருமகன் மோந்ததோடு சரி). விலையில் தள்ளுபடி கிடைத்தது. புது ஒப்பந்தத்தில் அவரே ஒரு ஷரத்துச் சேர்த்தார்: தரம் பற்றிய எந்தத் தகவலிலும் நாலெழுத்துத் தொடர் கூடாது, ஷேடு எண்ணை மட்டும் எழுதவும். கையெழுத்துப் போட்ட கையோடு, தள்ளுபடி எப்படி, மனசுக்குத் திருப்திதானா என்று கேட்டார். மருமகன் வாயில் ‘சா’ வரைக்கும் வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினான்.

கத்தரிக்காய் நிற டி-ஷர்ட் இன்னும் இரண்டு மாதத்தில் திருப்பூர் காதர்பேட்டைக்கு வந்துவிடும். உங்களுக்கு எக்ஸ்எல் இரண்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறான். வெளியே போட வேண்டாம், வீட்டோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்