வடைத்தாள் வாசிப்பியல்: ஹாலிஎலவை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

பிரமுகர்களிடம் நான்கு கேள்விகள் கேட்பது பத்திரிகைகளின் வழக்கம். அண்மையில் எதை வாசித்தீர்கள், எதைக் கேட்டீர்கள், எதைச் சேர்க்கிறீர்கள், எதைக் கொறிக்கிறீர்கள்? முதலாவதற்குத் தடித்த ரஷ்ய நாவல் ஒன்றும், இரண்டாவதற்குக் காலமான வித்துவான் ஒருவரும், மூன்றாவதற்குப் பழைய நாணயங்களும் பதிலாக வரும். நான்காவது கேள்விக்குத்தான் பிரமுகர் சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "பருப்பு வடை" என்பார். நான்கில் நம்பக்கூடியது இந்தக் கடைசிப் பதில் ஒன்றே என்பது வாசகருக்குத் தெரியும். அறிஞர்கள் கவனிக்கத் தவறியது வேறொன்று. அந்த நான்காவது கேள்வியே மற்ற மூன்றுக்கும் தாய். வாசிப்பு, இசை, சேகரிப்பு என்று மேடைகளில் பெரிதாகப் பேசப்படும் மூன்றும் தீனியிலிருந்து கிளைத்தவை. தீனியைக் கழித்தால் மூன்றும் நில்லா. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், ஊவா மாகாணத்து ஹாலிஎல.

களத்தை ஹாலிஎலவாகக் கொண்டது ஊர்ப்பற்றினால் அல்ல. விஞ்ஞானக் காரணம் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து சுமார் 290 கிலோமீற்றர் ஏறியும் இறங்கியும் வரும் மலைநாட்டு ரயில் பாதை 1924இல் பதுளையைத் தொட்டு, அத்தோடு முடிந்தது. பதுளைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருப்பது ஹாலிஎல. தெமோதரை ஸ்டேஷனைக் கடந்த ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனின் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, உடுவரையையும் தாண்டி இங்கே வந்து நிற்கும்போது, கொழும்பில் ஏறியவருக்குப் பயணம் தொடங்கி ஒன்பது பத்து மணித்தியாலம் ஆகியிருக்கும். வாங்கிய வடையெல்லாம் தீர்ந்து, சுற்றி வந்த தாள் மட்டும் கையில் மிஞ்சும் கட்டம் இது. நானுஓயாவில் பயணி தின்பவர். ஹாலிஎலவில் அவர் வாசகர். ஒரே மனிதரிடம் தீனி வாசிப்பாக உருமாறும் கணத்தைப் பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட வசதியான மேடை கிடைக்காது.

இனிச் சான்றுகள். கூடையோடு பெட்டிக்குப் பெட்டி வரும் வியாபாரி நாலு பருப்பு வடையையும், பொரித்த காய்ந்த மிளகாய் இரண்டையும் தாளில் வைத்து ஒரு சுருட்டுச் சுருட்டிக் கொடுக்கிறார். அந்தத் தாள் பெரும்பாலும் பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை. நீலக் கோடுகளுக்கு நடுவே ஏதோ ஒரு பிள்ளையின் நெடும் பிரித்தல் கணக்கு, மீதி தவறு, பக்கத்தில் ஆசிரியரின் சிவப்பு மை. அல்லது "எனது பாடசாலை" கட்டுரையின் நடுப்பகுதி. அதிபர் பெயர் வரும் இடத்தில் எண்ணெய். பதிப்பாளர் தெரிவு செய்யாத, விமர்சகர் சிபாரிசு செய்யாத, தனியே விலை கேட்காத இலக்கியம் இது. தொடக்கமும் முடிவும் இல்லாததால் நவீனத்துவப் பிரதி என்றும் கொள்ளலாம். ரஷ்ய நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவர் உண்டு. வடைத்தாளைப் பாதியில் விட்டவர் இல்லை. அந்தக் கணக்கின் மீதி என்னவாக இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் ஒருமுறை வகுத்துப் பார்க்காமல் அதை ஜன்னல் வழியே எறிந்தவரும் அரிது.

இங்கே எண்ணெய் செய்யும் பணியைத் தனியே குறிப்பிட வேண்டும். கடதாசி வெள்ளையாகத் தெரிவது, அதன் நார்களுக்கு இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பியதும் சிதறல் குறைகிறது, தாள் ஒளி ஊடுருவும் பொருளாகிறது, பின்பக்க எழுத்து முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. ஒரே பார்வையில் இரண்டு பக்கங்களையும் வாசிக்கும் வசதியை எந்த அச்சகமும் இதுவரை தரவில்லை. இதன் அரசியல் விளைவும் சிறியதல்ல. ஹாலிஎலவில் சிங்களப் பாடசாலைக் கொப்பியும் தமிழ்ப் பாடசாலைக் கொப்பியும் ஒரே பழைய கடதாசிக் கடையில்தான் நிறுக்கப்படுகின்றன. தமிழர் கைக்குச் சிங்களச் சொல்வதெழுதலும், சிங்களவர் கைக்குத் தமிழ் உயிர்மெய் வரிசையும் வந்து சேர்வதைத் தடுக்க யாராலும் முடியாது. 1956இல் சிங்களம் ஒன்றே போதும் என்று சட்டம் போட்டார்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. இரண்டு சட்டங்களையும் பொருட்படுத்தாமல் இருமொழிக் கொள்கையை நாள் தவறாமல் நடைமுறைப்படுத்தி வந்திருக்கும் நிறுவனம் வடைக்கூடை மட்டுமே.

வாசிப்பும் தீனியும் ஒரே தண்டில் நிற்பவை என்பதற்கு 2022 இன்னொரு சான்று தந்தது. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொழும்பு நாளிதழ்கள் இரண்டு தம் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின. அறிஞர்கள் ஒன்றைக் கல்வி நெருக்கடி என்றும் மற்றதை ஊடக நெருக்கடி என்றும் பிரித்து, தனித்தனியாகக் கருத்தரங்கு வைக்கக்கூடியவர்கள். வடை சுற்றுபவருக்கோ அது ஒரே நெருக்கடி. இன்று எழுதப்படாத பரீட்சை, நாளை சுற்றப்படாத வடை.

இந்த இடத்தில் இலக்கியவாதிகள் எழுந்து நிற்பார்கள். ஹாலிஎலவைப் பற்றிப் பேசிக்கொண்டு தெளிவத்தை ஜோசப்பை மறக்கலாமா? இந்த ஊருக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, மலையகத்தின் முதன்மையான சிறுகதையாளர்களில் ஒருவராக வளர்ந்து, 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்று, 2022இல் மறைந்த அந்த எழுத்தாளர் வடைத்தாள் வாசித்தா உருவானார்? வலுவான ஆட்சேபம், மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியதும்கூட. எழுத்தாளர் எப்படி உருவாகிறார் என்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் இல்லை. வாசகர் எப்படி உருவாகிறார் என்பதே கேள்வி. அவருடைய 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. அந்த வீரகேசரி 1930இலிருந்து நாள்தோறும் மலைக்கு ஏறிவரும் பத்திரிகை. காலையில் அது காசு கொடுத்தவருக்கு மட்டும் செய்தி. கடைக்கு எடைக்குப் போன பிறகுதான் அவித்த கடலைச் சுருளாகக் காசு கொடுக்காதவரையும் சென்றடைகிறது. சந்தாதாரர் தொகையைப் பத்திரிகை எண்ணலாம். சுருள்தாரர் தொகையை யாராலும் எண்ண முடியாது. வாராந்தச் சிறுகதையின் கடைசிப் பத்தி கிழிந்து போயிருந்தால் முடிவைத் தானே கற்பித்துக்கொள்ளும் வாசகர், விமர்சகரைவிடப் பெரியவர் என்பதையும் இங்கே பதிவுசெய்யலாம்.

அடுத்தது இசை. ஹாலிஎலவில் மிகக் கூடுதலாகக் கேட்கப்படும் இசையமைப்பாளர் யார்? சினிமாவில் தேடுவோர் ஏமாறுவார்கள். அவர் பீத்தோவன். 1810இல் அவர் எழுதி, இறந்து நாற்பது ஆண்டுக்குப் பின் 1867இல் அச்சான 'ஃபியூர் எலிஸ்' என்ற பியானோத் துண்டின் முதல் சில சுரங்கள், முச்சக்கரவண்டியின் தலையில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் வாசல்வரை வருகின்றன. வண்டிக்குள் பாண், மீன் பனிஸ், சீனி தூவிய கிம்புலா பனிஸ். சூன் பாண் வண்டி என்றால் இலங்கை முழுவதும் தெரியும்; மலைப்பாதையில் அதற்குக் கூடுதல் அழகு ஒன்று உண்டு. ஒவ்வொரு முடக்கிலும் மெட்டு மலைக்குப் பின்னால் மறைந்து, அடுத்த முடக்கில் முன்னிலும் உரத்து வருகிறது. கேட்பவர் இசையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே வண்டி எந்த முடக்கில் நிற்கிறது, சில்லறை தேடப் போதிய நேரம் இருக்கிறதா என்று கணித்துவிடுகிறார். இவ்வளவு கூர்மையாக இசை கேட்கும் சபை வியன்னாவிலும் பீத்தோவனுக்கு வாய்த்திராது.

இது இசை ரசனை அல்ல, பசி என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குத் தாய்வான் தீவு பதில் சொல்கிறது. அங்கே இதே மெட்டை ஒலிபரப்புவது குப்பை லொறி. மக்கள் ஓடி வருகிறார்கள், ஆனால் கையில் குப்பைப் பையோடு. மெட்டு ஒன்று, ஓட்டம் ஒன்று, முகம் வேறு. ஹாலிஎலப் பிள்ளையின் முகத்தில் இருக்கும் மலர்ச்சி அங்கே எந்த முகத்திலும் இருக்க நியாயமில்லை. ஆய்வுகூடத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீட்டுச் சோதனையை நடத்திவிட முடியாது. ரசனை சுரத்தில் இல்லை, வண்டிக்குள் இருக்கிறது. வானொலியை முன்வைத்து வாதாடுவோருக்கும் இதே பதிலே. 1925இல் கொழும்பில் தொடங்கிப் பின்னாளில் தமிழகம்வரை நேயர்களைக் கட்டிப்போட்ட இலங்கை வானொலியின் மிகப் புகழ்பெற்ற இந்திப்பாடல் நிகழ்ச்சி, 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா. அதை நடத்தக் காசு கொடுத்தது ஒரு பற்பசை. தின்றவருக்கே பல் துலக்க வேண்டியிருக்கும் என்பதை விளம்பரக்காரர் அன்றே கண்டுகொண்டார்.

தமிழ் படித்தோர் இதைவிடக் கனமான ஆயுதத்தை எடுப்பார்கள். கேள்விச் செல்வத்தைப் பாடிய அதிகாரத்தில் வள்ளுவர், காதுக்கு விருந்து இல்லாத வேளையில்தான் வயிற்றுக்குக் கொஞ்சம் போடலாம் என்கிறார். ஆகவே செவி முதல், வயிறு பின் என்பார்கள். சூன் பாண் வண்டி இந்த வரிசையை மீறவில்லை. முதலில் மெட்டு வருகிறது. அது நின்ற பிறகே பனிஸ் கைமாறுகிறது. குறளுக்கு உரை எழுதியவர் பலர். அதை மூன்று சில்லில் ஓடவிட்டவர் பாண் வண்டிக்காரர் ஒருவரே.

மூன்றாவதான சேகரிப்புக்கு வருவோம். லயத்து அலுமாரியின் மேல்தட்டே இங்கு அருங்காட்சியகம். ஹோர்லிக்ஸ் போத்தலில் முறுக்கு, மாஜரின் டப்பாவில் மாசி, பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும். தின்று முடித்த கொள்கலமே சேகரிப்பின் முதல் அலகு. தபால்தலை சேகரிப்போர் தம்மை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பார்கள். இலங்கையின் முதல் தபால்தலை 1857இல் வந்தது, அதற்கும் முறுக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். தபால்தலையும் நாக்கைத் தொடாமல் கடிதம் ஏறியதில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

ஆனால் பிஸ்கட் டின்னின் அடித்தட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கேலி அந்த இடத்தில் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வெட்டில் நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் மணமானவராயின் ஏழாண்டும், ஆகாதவராயின் பத்தாண்டும் 1946க்கு முன் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. எழுதப் படிக்க வழிவிடாத தோட்டத்தில் வாழ்ந்த மனிதரிடம் கடதாசி கேட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது; 1974இல் வந்த இன்னொரு உடன்படிக்கை அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தது. குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஆயிரக்கணக்கானோருக்குக் கணக்கு முடியவில்லை. இந்த ஐம்பத்தைந்து ஆண்டும் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, தோட்டத் துண்டு என்று எதையும் எறியாமல் ஈரமும் எலியும் படாது காத்தவர்களிடம், சேகரிப்பு ஒரு பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது.

இது அச்சத்தில் பிறந்த சேகரிப்பு, தீனிக்கு இதில் பங்கில்லை என்று ஆட்சேபித்தால் பாதியை ஏற்கலாம். கடதாசி கேட்டது கொழும்பும் டெல்லியும்தான். கடதாசியைக் காத்தது பிஸ்கட் டின். மலிபன் பிஸ்கட் தொடங்கியதே 1954இல், சட்டமோ 1949இல் என்று ஆண்டுக்கணக்குப் பார்ப்போர், அதற்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலேய பிஸ்கட் டின்கள் கப்பலேறி வந்ததை மறந்துவிடுகிறார்கள். அரசாங்கங்கள் ஒரு சமூகத்தின் பெயரை ஏட்டிலிருந்து நீக்கியபோது, அந்தப் பெயருக்கான அத்தாட்சியைத் தின்பண்டத் தகரம் பாதுகாத்தது. இந்த ஆய்வில் சிரிக்காமல் சொல்லக்கூடிய ஒரே முடிவு இது.

எஞ்சியவை இரண்டு சிறு ஆட்சேபங்கள். அச்சு மை உடலுக்குக் கேடு. உணவைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்தியிருக்கிறது. அது சரியே. வாழையிலைத் துண்டொன்றை இடையில் வைத்தால் வடைக்கும் நல்லது, எழுத்தும் அழியாது. 2017 செப்டெம்பரிலிருந்து இலங்கையில் லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்ட நிலையில் பொலித்தீனுக்குத் திரும்புவதும் தீர்வாகாது. கைத்தொலைபேசி வந்தபின் வாசிப்பு, பாட்டு, படச் சேகரிப்பு எல்லாம் அதற்குள் போய்விட்டனவே என்பது மற்ற ஆட்சேபம். போகட்டும். திரையைத் தள்ளுவது எந்த விரல் என்று பாருங்கள். வடை பிடிக்காத கையின் விரல். எது பிரதானம், எது உபரி என்பதைக் கைகள் முன்னரே தீர்மானித்துவிட்டன.

எனவே முடிவு: நான்கு கேள்விகளை இனி ஒன்றாகச் சுருக்கலாம். "கடைசியாக எதைத் தின்றீர்கள், அது எதில் சுற்றி வந்தது?" என்று கேட்டால் ஒருவரின் பண்பாடு முழுவதும் தெரிந்துவிடும். ஊவாவின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கொப்பி திருத்தும்போது வெறுமனே பிழைக்குறி போட்டு நகர்ந்துவிடாதீர்கள். சரியான விடையையும் பக்கத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள். ஹாலிஎலவுக்கும் பதுளைக்கும் இடையில் அந்தக் கணக்கோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.