எமனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமா? தவிட்டுப் பெயர்கள் குறித்த ஓர் ஒப்பாய்வு

தமிழ்நாட்டில் பிறந்த எவரும் ஒரு தடவையாவது விலைக்கு வாங்கப்பட்டிருப்பார். சோறுண்ண அடம்பிடித்த ஒரு மத்தியானத்திலோ, கல்யாண வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருந்தபோதோ, ஓர் அத்தையோ மாமாவோ அந்த இரகசியத்தைப் போட்டு உடைத்திருப்பார்கள்: “உன்னைத் தவிட்டுக்குத்தான்டா வாங்கினோம்.” மலையாளக் குழந்தைகளுக்கும் இதே கதை, இதே தவிடு. அழுது தேம்பி, அம்மாவின் மூக்கைத் தன் மூக்கோடு கண்ணாடியில் ஒத்துப் பார்த்துத் தேறிய யாரும் பிற்காலத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆராய முன்வரவில்லை. ஏன் தவிடு? எத்தனை படி? விற்றது யார்? அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

பெயர்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் நிலா உண்டு, வெற்றி உண்டு, ஒளி பதினெட்டு வகை உண்டு. எல்லாம் பெற்றவர் பக்கம் நின்று எழுதியவை. குழந்தையை வேறொருவர் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று வைத்த பெயர்கள் அவற்றில் இருக்காது. அந்த வேறொருவர் எமதர்மன். ஏமாற்றியவர்களைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. ஏமாந்தவரின் அறிவுநிலை இதுவரை அளக்கப்படவில்லை. ஒரு பூட்டைப் பார்த்தே அந்தத் தெருவின் திருடன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று சொல்லிவிடலாம். அதுபோல, இப்பெயர்களைக் கொண்டே எமனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கண்டுபிடித்துவிட முடியும் என்பது எமது கருதுகோள்.

முதலில் உள்ளூர்ச் சான்றுகள். பிச்சை, பிச்சையம்மாள், குப்பன், குப்பாயி, மூக்கன், மூக்காயி, மண்ணாங்கட்டி. முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தால் குப்பன். மூக்குக் குத்திவிட்டால் மூக்கன். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டதாகப் பேர்பண்ணி, தவிடு அளந்து திரும்ப வாங்கிக்கொள்வது மூன்றாவது வழி. இதன் சட்ட நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. பத்திரம் கைமாறிய சொத்தைப் பழைய கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. வாசலில் எமன் வந்து நின்றால், “ஐயா, நீங்கள் தேடி வந்தது எங்கள் பிள்ளையை. இது வாங்கின சரக்கு” என்று சொல்லிவிடலாம்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு: எமன் கையில் பட்டியல் இருக்கிறது, ஆனால் முகம் பார்த்து அடையாளம் காணும் வழக்கம் இல்லை. இரண்டாவது முடிவு: அவருக்கு ரசனை உண்டு. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவரைப் போல நல்லதாகப் பார்த்துத்தான் எடுப்பார், சொத்தையைத் தொடமாட்டார்.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். எமனின் கணக்கர் சித்திரகுப்தருக்குக் காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் இருக்கிறது. அது அமைந்திருப்பது நெல்லுக்காரத் தெருவில். நெல்லுக்காரத் தெருவிலேயே குடியிருப்பவருக்குத் தவிட்டின் விலை தெரியாமலா போகும்? யாரும் ஒரு பிள்ளையை அந்த விலைக்கு விற்கமாட்டார்கள் என்று அவர் எமனிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. கணக்கருக்கும் மேலதிகாரிக்கும் இடையே சுமுக உறவு இல்லை என்று இதனால் ஊகிக்கலாம். எல்லா அலுவலகங்களிலும் உள்ளதுதான்.

விலை நிலவரத்துக்கு வருவோம். வங்காளத்தில் நாணயமாகவே விற்றிருக்கிறார்கள். தின்கொரி என்றால் மூன்று சோழி, பாஞ்ச்கொரி ஐந்து, சாத்கொரி ஏழு. வங்க நாடக மேடையின் பழைய நட்சத்திரம் ஒருவர் பெயரே தின்கொரி தாசி. துருக்கியில் ‘சத்தில்மிஷ்’ என்று ஆண்பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள்; ‘விற்றாகிவிட்டது’ என்று பொருள். என்ன விலைக்கு என்று துருக்கியர் சொல்வதில்லை. வியாபாரத்தில் தேர்ந்தவர்கள். நம் ஆட்கள் பணத்தைத் தொடாமல் பண்டமாற்றோடு நின்றுவிட்டார்கள். அதிலும் மாட்டுக்கு வைக்கும் பண்டம்.

பிச்சையை விலை என்று சொல்ல முடியாது. கேட்டு வாங்கியதும் யாரோ போட்டதும் அதில் அடங்கும். எடுத்துக்கொண்டு போனால் பாவம் எமனுக்கு. இந்தப் பெயரின் பரவல் வியப்பூட்டுவது. போஜ்புரி நாடகத்தின் தந்தையாகப் போற்றப்படும் பிகாரி டாக்கூரின் முதற்பெயருக்குப் பொருள் பிச்சைக்காரர். புதுக்கவிதைக்கு வழிவிட்ட ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம், நிலைத்ததோ பிச்சை. கூகுளின் தலைமை நாற்காலியிலும் ஒரு பிச்சை அமர்ந்திருக்கிறார். இந்தப் பெயருக்கு இனி எமன் ஏமாறுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்துறையின் சிகரத்தைத் தொட்டவர்கள் மங்கோலியர்கள். அங்கே எமனுக்கு எர்லிக் கான் என்று பெயர். அவர் ஆள் ஓலையோடு ஒரு கூடாரத்துக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் பெயர் எனெபிஷ்: ‘இவனில்லை’. அடுத்தவன் தெர்பிஷ்: ‘அவனுமில்லை’. பின்னால் நிற்பவன் ஹுன்பிஷ்: ‘மனுசனே இல்லை’. அப்படியானால் நீ யாரடா என்று நாலாமவனைக் கேட்டால், அவன் ஹென்மெதெஹ்: ‘யாருக்குத் தெரியும்?’. தொட்டிலில் கிடப்பது நெர்குய்: ‘பேரே இல்லை’. வெறுங்கையோடு வெளியே வருகிறவனை வாசலில் மறிப்பது மூநோஹோய்: ‘பொல்லாத நாய்’. அதுவும் பையன்தான். ஒரே வீட்டில் இத்தனையும் அமைவது அபூர்வம். ஆனால் ஒவ்வொன்றும் மங்கோலியாவில் நடமாடும் பெயர். ஹோமரின் ஒடிசியில் ஒற்றைக்கண் அரக்கனிடம் ‘யாருமில்லை’ என்று பெயர் சொல்லித் தப்பித்த ஒடிசியஸின் தந்திரத்தை மேலைநாட்டார் மூவாயிரம் ஆண்டுகளாக மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். ஒடிசியஸுக்கு அது ஒரு ராத்திரி வேலை. மங்கோலியப் பையன் அதை ஆயுள் முழுக்கச் செய்கிறான், பள்ளிக்கூட வருகைப் பதிவேடு உட்பட.

கொரியாவும் சீனமும் நாயை அளவுகோலாகக் கொண்ட நாடுகள். கொரியத்தில் கெத்தொங்கி என்றால், மரியாதையாகச் சொன்னால், நாயின் கழிவு. 1863இல் பட்டத்துக்கு வந்த அரசர் கோஜோங்குக்கே சிறுவயதில் இதுதான் கூப்பிடும் பெயர் என்று அவர்கள் சொல்வார்கள். சீனக் கிராமங்களில் கோவ்ஷெங்: ‘நாய் மிச்சம் வைத்தது’. நாயே வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனதை எமன் எடுப்பாரா என்பது வாதம். இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பாரதத்தில் தருமரோடு சொர்க்க வாசல்வரை நடந்துபோன நாய் யாரென்று நமக்குத் தெரியும்: சாட்சாத் எமதர்மன். சீனத்தாருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ரஷ்யர் அவ்வளவு தூரம் போகவில்லை. நெக்ராஸ், ‘அழகில்லாதவன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கவிஞர் நெக்ராசோவ் அப்படியொரு அழகில்லாதவரின் வம்சப்பெயரைத் தாங்கியவர்.

நைஜீரியாவின் யொரூபா மக்கள் எமனோடு பேசுவதே இல்லை. பிறந்து பிறந்து இறப்பது ஒரே பிள்ளைதான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு அபிக்கு என்று பெயர். எனவே பேச்சுவார்த்தை நேரடியாகக் குழந்தையோடு. மாலோமோ: ‘இனிமேல் போகாதே’. துரோஜாயே: ‘இரு, இருந்து அனுபவி’. இவற்றைவிட எனக்குப் பிடித்தது கொசோகோ: ‘மண்வெட்டி இல்லை’. உனக்குக் குழி வெட்ட இந்த வீட்டில் ஆயுதம் கிடையாது, ஆகவே சாகிற உத்தேசத்தை ஒத்திப்போடு. மன்றாட்டை நிர்வாகக் காரணமாக மாற்றிவிட்ட இந்தச் சாமர்த்தியம் வேறெங்கும் இல்லை. பலனும் தெரிந்தது. இந்தப் பெயர்கொண்ட கொசோகோ 1845இல் லாகோஸின் அரசரானார். 1851 டிசம்பரில் ஆங்கிலேயர் பீரங்கிப் படகுகளோடு வந்து அரியணையைப் பறித்தார்கள். உயிரைப் பறிக்க முடியவில்லை. 1872வரை இருந்தார்.

பாகவதம் நேர்மாறான கொள்கையைச் சொல்கிறது. அஜாமிளன் சாகுந்தறுவாயில் தன் கடைக்குட்டியை “நாராயணா” என்று கூப்பிட்டான். வந்த எமதூதர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. சாமி பெயர் வைத்தால் அப்பனுக்கு லாபம். குப்பை பெயர் வைத்தால் பிள்ளைக்கு லாபம். இரண்டில் எது என்ற தத்துவச் சிக்கலைத் தமிழர் ஒரே சொல்லில் தீர்த்தார்கள்: குப்புசாமி. முன்பாதி எமனுக்கு, பின்பாதி வைகுண்டத்துக்கு. மிருகண்டு முனிவருக்கு மட்டும் இந்த யோசனை வரவில்லை. மகனுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்திருந்தால் பதினாறு வயதில் லிங்கத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டி வந்திருக்காது. எமன் உதை வாங்கியிருக்கமாட்டார். திருக்கடையூரில் இன்று அறுபதாம் கல்யாணங்களும் நடக்காது. ஊர் நலன் கருதி முனிவரை மன்னித்துவிடலாம்.

இந்தப் பெயர்கள் உண்மையில் பலித்தனவா? இரண்டு வழக்குகளை மட்டும் பார்த்தேன். வங்காளத்தில் மேதினிப்பூர் மாவட்டத்தில் 1889இல் ஒரு பையன் பிறந்தான். முன்னால் பிறந்த ஆண்பிள்ளைகள் இருவர் தங்கவில்லை. அக்காள் மூன்று பிடி நொய் கொடுத்துத் தம்பியை விலைக்கு வாங்கினாள். வங்காளத்தில் நொய்க்குக் ‘குத்’ என்று பெயர்; பையன் குதிராம் ஆனான், குதிராம் போஸ். எமன் கண்ணில் படவில்லை. முசாபர்பூர் குண்டுவீச்சு வழக்கில் வெள்ளைக்காரன் கண்ணில் பட்டான். 1908 ஆகஸ்ட் 11 அன்று தூக்கிலிட்டார்கள். வயது 18. இன்னொரு பையன் 1910இல் மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவன். பெயர் ராமச்சந்திரன். மூத்த ஆண்பிள்ளைகள் மூவர் இறந்துவிட்டதால் மூக்கில் வளையம் போட்டுப் பெண்ணைப் போல வளர்த்தார்கள். மூக்கு வளையத்துக்கு ‘நத்’. நம் ஊராக இருந்தால் மூக்கன் என்றிருப்பார்கள். அங்கே நாதுராம் என்றார்கள். நாதுராம் கோட்சே. 1949இல் அவனுக்கும் தூக்கு. இருவரையும் ஒரே வரியில் எழுத எனக்கு மனமில்லை, அதனால் இடையில் நிறைய முற்றுப்புள்ளிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதிரிகளைக் கொண்டு முடிவு கட்டுவது ஆய்வு நெறியும் ஆகாது.

குறிப்பேட்டைச் சரிபார்க்கும்போது வேறொரு கட்டுப் பெயர்கள் கலந்துகிடப்பதைக் கண்டேன். போதும்பொண்ணு. வேண்டாம். மராட்டியத்தில் நகுஷா, ‘வேண்டாதவள்’. துருக்கியில் யெத்தெர், ‘போதும்’. கசக்ஸ்தானில் உல்போல்சின், ‘பையனாகட்டும்’. சீனத்தில் ஜாவ்தி, ‘தம்பியைக் கூட்டி வா’. மேலோட்டமாகப் பார்த்தால் இவையும் குப்பாயியின் தங்கைகள் போலத்தான் இருக்கின்றன. நானும் முதலில் அந்தப் பட்டியலில்தான் சேர்த்திருந்தேன். ஆனால் குப்பாயி என்று கூப்பிட்ட வாய்க்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். போதும்பொண்ணில் பொய் இல்லை. 2011இல் சத்தாரா மாவட்டத்தில் நகுஷா என்ற பெயரோடு இருந்த 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். சிலர் ஐஸ்வர்யா என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டை இந்த ஆய்விலிருந்து பிரித்து வேறு கயிற்றில் கட்டி வைத்துவிட்டேன். எமனும் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பதுதான் தெரியவில்லை.

இத்துறையில் இப்போது புதிய தரவுகள் வருவதில்லை. குப்பனும் மண்ணாங்கட்டியும் வகுப்பறைகளிலிருந்து மறைந்துவிட்டார்கள். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. தடுப்பூசியும் பிரசவ வார்டும் செய்த வேலை இது என்று மருத்துவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். பெயரியல் துறைக்கு இதில் பங்கு கொடுக்க யாரும் தயாரில்லை. போகட்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பிறப்பைப் பெயரில்லாமலே பதிந்துகொள்ளலாம்; பெயரை ஓராண்டுவரை கட்டணமில்லாமலும், தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரையிலும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை ஒவ்வோர் இந்தியக் குழந்தையும் நெர்குய்தான். அதன்பிறகு வைக்கும் பெயர்களிலும் பாதுகாப்பு இல்லாமலில்லை. யக்ஷித், த்ரிஷ்வந்த், ஹர்ஷ்விக். பாசக்கயிறோடு வாசலில் வந்து நிற்பவர் பல்செட்டைக் கழற்றாமல் இவற்றைக் கூப்பிட முடியாது.

கடைசியாகக் களஆய்வு. எனக்குச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் தவிடு. தகவலாளர் எண்பத்தொரு வயது மூதாட்டி, என் அம்மா. சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேட்டி எடுத்தேன்.

“எத்தனை படிக்கும்மா என்னை வாங்கினே?”

“மூணு படின்னு பேச்சு. கீழவீட்டு ஆயா முறத்தோட நின்னுச்சு. ரெண்டு படிதான் அளந்தேன்.”

“மிச்சம்?”

“பாக்கி.”

“ஏன், வீட்ல தவிடு இல்லையா?”

“மூட்டையே இருந்துச்சு.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். “முழுசும் குடுத்துட்டா நீ எங்களுக்குச் சொந்தமாயிடுவல்ல?”

ஆயா இறந்து இருபது வருடமாகிறது. மகன் திருப்பூரில் இருக்கிறார். விலாசம் என்னிடம் உண்டு. வாரிசு என்ற முறையில் அவரிடமாவது அந்த ஒரு படியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா என்று கேட்டேன்.

“வாயை மூடிட்டுச் சும்மா இரு” என்றார் அம்மா.