பீமனுக்கு மூட்டுவலி

பெரம்பலூரில் வீடு கட்டுகிறவனுக்குச் சிமெண்டுக்குப் பஞ்சம் கிடையாது. கிழக்கே பஸ் ஏறினால் அரியலூர். அங்கே தோண்டினால் சுண்ணாம்புக்கல், கல்லுக்குப் பக்கத்தில் ஆலை, ஆலைக்கு வெளியே லாரி வரிசை. ஆகவே என் வீட்டு அஸ்திவாரம் கெட்டி. ஆனால் நான் கடன்பட்டது அஸ்திவாரத்துக்காக இல்லை, அதற்குமேல் பதித்த டைல்ஸுக்காக. கிரகப்பிரவேசத்துக்கு வந்த என் மச்சினர் அந்தத் தரையில் குனிந்து பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். மச்சினரிடம் அதற்குமேல் மரியாதை எதிர்பார்ப்பது பேராசை.

இன்றைக்கு அந்தத் தரையை யாரும் பார்க்க முடியாது. கூடத்திலிருந்து அடுப்படிவரை கோணிச் சாக்கு விரித்துக் கிடக்கிறது. மாதத் தவணை மட்டும் மங்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் பீமன். லாப்ரடார் சாதி. மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது என் பொறுப்பில் விட்டுப் போன ஜீவன். கொஞ்ச நாளாகக் காலையில் எழும்போது தயங்கினான். முன்னங்காலை ஊன்றிக்கொண்டு யோசிப்பான், பிறகு பின்பக்கத்தை ஒரு தினுசாக இழுத்து எழுப்புவான். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவினான். ‘சோம்பேறித்தனம், என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி முதல் பாதியை மறுத்தாள், இரண்டாம் பாதியை ஏற்றுக்கொண்டாள். கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

டாக்டர் முதலில் எடை பார்க்கச் சொன்னார். பீமன் எடை மேடையில் ஏறி நிற்க மாட்டேன் என்று படுத்துவிட்டான். “பரவாயில்ல சார், நீங்க தூக்கிட்டு நில்லுங்க, அப்புறம் உங்க எடையைக் கழிச்சுக்கலாம்” என்றார் உதவியாளர். நின்றேன். கூட்டு எடையை உரக்க வாசித்தார். பிறகு நான் தனியாக நின்றேன். அதையும் உரக்க வாசித்தார். வரிசையில் கிடாயோடு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தைக்குப் போய்ப் பழகின கண், மனசுக்குள் ஒரு விலை ஓடியது தெரிந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, “குறைக்கணும்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு கேள்வி. “வீட்டுல என்ன தரை? என்ன சாப்பாடு?” முதல் கேள்விக்கு நான் டைல்ஸின் சதுரடி விலையோடு பதில் சொன்னேன். டாக்டர் முகம் மாறியது. பின்னங்காலை நீட்டி மடக்கிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், விளக்கினார். ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருவதுபோலத் தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் உட்கார வேண்டுமாம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய சாதிகளில் அது பரம்பரையாகவே தளர்ந்து அமைந்துவிடுவதுண்டு. உடம்பு பெருத்தால் தேய்மானம் கூடும். வழுக்குகிற தரையில் ஒவ்வொரு முறையும் கால் அகலும், அகலும்போதெல்லாம் மூட்டு இழுபடும். “சாக்கு, பாய், ஏதாவது விரிச்சுடுங்க. நகத்தை ஒட்ட வெட்டுங்க. பாதத்துக்கு அடியில முடி வளர விடாதீங்க.” மூன்றில் செலவில்லாதது சாக்குதான் என்று பார்த்தால், செலவழித்த அத்தனையையும் மூடியது அதுதான்.

மருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் என் பொது அறிவைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். இடுப்பெலும்பு என்றால் எங்கள் சீமைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் ராட்சத டைனோசர் ஒன்றின் இடுப்பெலும்பும் தொடையெலும்பும் கிடைத்தன. 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அதற்குப் ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்து எழுதினார்கள். முதலில் மாமிசம் தின்னும் வகை என்றார்கள், பின்னால் வந்தவர்கள் தழை தின்னும் வகையில் சேர்த்தார்கள். அந்த எலும்புகளை இன்றைக்கு யாரும் போய்ப் பார்க்க முடியாது. நம் ஊர் வெயிலும் மழையும் பட்டு நொறுங்கிப்போயின. படமும் எழுத்தும்தான் மிச்சம். இதையெல்லாம் கிடாய்க்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது என்ன எடை இருந்திருக்கும்?” என்றார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன பரீட்சை சுலபம்: விலாவில் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு என்று ஒன்று தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்து பீமனைத் தடவிப் பார்த்தேன், ஃபெயில். கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் தடவிப் பார்த்தேன். அந்த ரிசல்ட்டை வெளியிடுவதாக இல்லை.

பீமனுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது, நான் விரித்ததைச் சொல்லவில்லை. 2016-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடார்களை ஆராய்ந்து, ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் சிறு துண்டு விட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் அவை சாப்பாட்டுக்கு அப்படி அலைகின்றன என்று கண்டுபிடித்தார்கள். இதை வாசித்துக் காட்டியதும் என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “உங்க பரம்பரையில யாராவது இங்கிலாந்து பக்கம் இருந்தாங்களா?”

இன்னொரு ஆராய்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்று தின்கிற அளவில் நூற்றுக்கு 25 குறைத்து மற்றதற்குப் போட்டு, கடைசிவரை பார்த்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தன, மூட்டுவலிக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான். எங்கள் வீட்டில் இது உடனே அமலுக்கு வந்தது. ஜோடி என்று வரும்போது பீமனுக்கு ஜோடி நான். காப்பிக்குச் சர்க்கரை போகும் முன்பே போய்விட்டது.

அளவைவிடப் பெரிய வில்லங்கம் சரக்கில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரம் பட்டறை போட்டு வெங்காயத்தை அடைத்து, விலை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் வெங்காயம் இல்லாமல் ஒரு குழம்பு வைத்தால் வீட்டில் ஏதோ விசேஷம் என்று அக்கம்பக்கம் நினைக்கும். அந்த வெங்காயம் நாய்க்கு ஆகாது. ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பச்சையோ, வதக்கியதோ, சாம்பாரில் கரைந்ததோ, வித்தியாசம் கிடையாது. பூண்டும் அதே குடும்பம். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாயைப் படுக்க வைக்கும், பூனைக்கு 5 கிராமே போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் போனாலும் கேடுதான். பீமனோ குட்டியிலிருந்து சாம்பார் சாதத்தில் வளர்ந்தவன். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் பாயசமும் போயிற்று, சாக்லேட்டும் போயிற்று.

இப்போது அவனுக்குத் தனி அடுப்பு. உப்பில்லாமல் வேகவைத்த எலும்பெடுத்த கோழி, கொஞ்சம் சோறு, கேரட், பூசணி. வேகும் வாசனையில் நான் அடுப்படிப் பக்கம் போனால், “அது அவனுக்கு” என்று குரல் வரும். நான் சம்பாதிக்கிற வீட்டில் கோழி எனக்கில்லை, ரசம் எனக்கு.

வலிக்கு மாத்திரை விஷயத்தில் உறவுக்கூட்டமே டாக்டர். “உங்க முட்டிவலி மாத்திரையில அரை குடுத்துப் பாருங்க மாமா” என்றான் மருமகப்பிள்ளை ஒருத்தன். நாம் முழுங்குகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகையறா நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பிடிக்கும். மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் பூனைக்குப் பாராசிட்டமால் ஒன்று போதும், கதை முடிந்துவிடும். டைக்ளோஃபினாக் போட்டு இறந்த மாட்டைத் தின்றே இந்தியாவில் கழுகுக் கூட்டம் அழிந்தது, 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இத்தனையும் சொன்னபிறகு மருமகப்பிள்ளை என்னைக் கவலையோடு பார்த்து, “அப்ப நீங்க ஏன் மாமா அதைத் திங்கிறீங்க?” என்றான்.

மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் வந்தது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதத்தில்தான், அதனால் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்கினால்தான் அதன் பாதம் தாங்கும். அதனால் நடை விடியற்காலை ஐந்து மணிக்கு மாறியது. பாலக்கரைப் பக்கம் நடக்கிறோம். எதிரில் வருகிற எல்லோரும் “என்ன பீமா!” என்று விசாரிக்கிறார்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பவனை யாரும் விசாரிப்பதில்லை. நீச்சல் மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பீமனுக்குத் தெரியும், கூட நிற்க வேண்டிய எனக்குத்தான் தெரியாது. எனவே நடைதான், மண் தரையில், மெதுவாக.

வெயிலில் இன்னொரு கூத்து. பீமன் நெற்றியைத் தொட்ட என் மாமியார், “பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது” என்று ஊரைக் கூட்டிவிட்டார். நாய்க்கு இயல்பான சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நமக்குக் காய்ச்சல் என்பது அவனுக்குச் சௌக்கியம். 104-ஐத் தாண்டினால்தான் ஓட வேண்டும், வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக் காற்றாட வைத்துக்கொண்டே ஓட வேண்டும். அன்றைக்கு எனக்கும் 101 இருந்தது. மாமியார் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மழைக்காலம் உண்ணிக்காலம். கரிசல் சேறு விரலிடுக்கில் அப்பிக்கொள்ள, அதற்குள் உண்ணி உட்கார்ந்துகொள்ளும், காது மடலிலும் கூட. அது பரப்பும் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும்வரை போகலாம். “மண்ணெண்ணெய் தடவுங்கண்ணே” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தடவினால் தோல் வெந்துபோகும், நக்கினால் குடல். தோலை ஒட்டிச் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தினமும் ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பீமன் காதுக்குள் டார்ச் அடிக்கிறேன். என் மேலதிகாரி ஃபோனில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் “ஃபைல் பார்க்கிறேன் சார்” என்கிறேன்.

வெறிநாய்க்கடி ஊசியில் மட்டும் விளையாட்டில்லை. அறிகுறி கண்டபின் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம், ஆகவே வருஷா வருஷம் ஊசி. செப்டம்பர் 28 வெறிநோய் தினம், அதை ஒட்டி அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவச முகாம் நடக்கும். இலவசம் என்ற சொல்லுக்கு நான் தவறியதே இல்லை.

தீபாவளிக்கு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. நம் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காது 45 ஆயிரம்வரை போகும். முதல் சரவெடிக்கே பீமன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஜன்னலை அடைத்து, டிவியைச் சத்தமாக வைத்து, துணைக்கு ஆள் இருந்தால் நல்லது என்றார்கள். துணைக்கு நான் கட்டிலுக்கு அடியில் போனேன். வெடி ஓய்ந்ததும் பீமன் வெளியே வந்துவிட்டான். என்னை இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

அதோடு என் முட்டி வீட்டின் இரண்டாவது நோயாளி ஆயிற்று. ஆனால் நான் மாத்திரையைத் தட்டிக்கழிப்பதில் கெட்டிக்காரன். பீமன் என்னைவிடக் கெட்டிக்காரன், வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பி மிதியடிக்கு அடியில் வைத்துவிடுவான். அதற்கு டாக்டர் என் மனைவிக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். முதலில் வெறும் பழத்துண்டு கொடுத்துச் சந்தேகத்தைப் போக்க வேண்டும். இரண்டாவது துண்டில் மாத்திரை. அவன் யோசிப்பதற்குள் மூன்றாவது துண்டை மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். அன்றிலிருந்து ஒரு மாத்திரைகூடத் தப்பவில்லை.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்காமலே என் தட்டில் ஒரு வாழைப்பழம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஏதோ தட்டியது. உரித்து, நடுவே பிட்டு, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிம்மதியாகத் தின்றேன்.

“இன்னொண்ணு வேணுமாங்க?” என்றாள்.