உயில் அண்ணாச்சி

முக்கூடலில் இறங்கி உயில் அண்ணாச்சி வீடு எது என்று கேட்டால், எந்தத் தெரு உயில் அண்ணாச்சி என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு ஒருவர் உண்டு. சர்க்கார் உத்தியோகத்திலோ, பம்பாய்க் கடையிலோ, பீடிக் கம்பெனிக் கணக்கிலோ இருந்து ஓய்ந்தவர். காலையில் தாமிரபரணியில் ஒரு முங்கு, முத்துமாலை அம்மனுக்கு ஒரு கும்பிடு, நெற்றித் திருநீறு காய்வதற்குள் டீக்கடை பெஞ்சு. கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் தாய்ப்பத்திரம், பட்டா நகல், வில்லங்கச் சான்று, எல்லாவற்றுக்கும் மேலே உயில். அது எத்தனையாவது உயில் என்பதைப் பென்சிலால் மூலையில் குறித்திருப்பார்.

சொத்து என்று பார்த்தால் ஓட்டு வீடு ஒன்று, அரைக்கோட்டை விதைப்பாடு நன்செய், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, வரப்போரம் நாலு தென்னை. உயில் பதினாலு பக்கம். கிணற்றுப் பங்குக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் போகிறது. அந்தக் கிணற்றில் தண்ணீர் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்திருக்க வேண்டாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை. உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம், கடைசியாக எழுதியதே செல்லும். வேலை இல்லாத ஒரு மனுஷனிடம் இப்படி ஒரு வசதியைக் கொடுத்தால் அவர் வேறு என்னதான் செய்வார்? சென்னை மகன் கோயில் திருவிழாவுக்கு வரவில்லை என்றால் தென்னை நாலும் தூத்துக்குடி மகளுக்குப் போய்விடும். மகள், “அடுப்புல வேலையா இருக்கேன்ப்பா, பொறவு பேசுதேன்” என்று போனை வைத்தால், அன்று சாயங்காலமே துபாய் மகனுக்கு. அந்தத் தென்னைகள் நின்ற இடத்தில் நின்றபடி போகாத ஊரில்லை.

உயிலில் அண்ணாச்சிக்கு உள்ள ஒரே தொல்லை சாட்சிகள்தான். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குத் தகராறு என்று வந்தால், அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் ஏறி, ஆமாம், என் கண்முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல வேண்டும். ஆகவே சாட்சி அண்ணாச்சிக்கு அப்புறமும் இருக்கக்கூடிய ஆளாக இருப்பது நல்லது. இந்தக் கவலை வந்ததிலிருந்து அவர் ஊராரின் உடம்பைக் கவனிக்கும் விதமே மாறிவிட்டது. பெஞ்சில் எவனாவது சீனி போட்டு டீ குடித்தால், “ஒமக்கு சுகர் பாத்தீரா வே?” என்பார். சாட்சி போட்ட வாத்தியார் ஒருவர் காலமானபோது அண்ணாச்சி அழுத அழுகையைப் பார்த்து, சொந்த அண்ணன் தம்பிகள் வெட்கப்பட்டார்கள்.

தசரதச் சக்கரவர்த்தி மேல் அவருக்குத் தீராத வருத்தம். “அறுபதினாயிரம் வருசம் ஆண்டவன், ரெண்டு வரத்தை வாய்வார்த்தையா குடுக்கலாமா வே? சாட்சி வச்சு, காலக்கெடு போட்டு எழுதியிருந்தா கதை காட்டுப் பக்கமே போயிருக்காதே.”

ஒரு காலத்தில் 25.3.1989 என்ற தேதியை அவர் குலதெய்வம்போல் வைத்திருந்தார். அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது. ஊரில் எந்த மதினிக்கு அந்தப் பங்குனிக்கு முந்திக் கல்யாணம், எவளுக்குப் பிந்தி என்று பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கம்பியில் கோத்து வைத்திருந்தார். 2005இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பிலேயே உரிமை என்று தீர்த்துச் சொன்னபோது, அந்தக் கம்பி வீணாகப் போனது. தீர்ப்பு நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். கம்பிக்காகத்தான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“பேசாம பிள்ளைக பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்திரும், குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை நூத்துக்கு ஒண்ணுதானே” என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. “பதிஞ்ச செட்டில்மெண்டு ஆத்துல விட்ட தண்ணி வே. திரும்புமா?” கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருப்பது அவருக்கும் தெரியும். “அதுக்கு சேரன்மாதேவி சப் கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடக்கணும். உயில்னா பெஞ்சுல இருந்தே மாத்தலாம்லா?” இந்த ஒரு விஷயத்தில் நான் அண்ணாச்சி கட்சி. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த பெரியவர்களை இந்த ஆற்றங்கரை நிறையப் பார்த்திருக்கிறது. தென்னை கைவசம் இருக்கும்வரை போன் வரும்.

அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மைனியின் கதை வேறு. சொக்கலால் ராம்சேட் பீடி பிறந்த ஊர் இது. மைனி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மடியில் பீடித் தட்டோடு இருந்தவர். 1977இல் பீடித் தொழிலுக்கு பி.எஃப். வந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை என்று முதலாளிகள் வழக்காடினார்கள். தொழிலாளிகள்தான் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மைனிக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. கூலியில் பிடித்த காசு எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும். “என்னட்டி கூலி கொறையுது?” என்று பீடிக்கடைக்குச் சண்டைக்குப் போனவர் அண்ணாச்சி. 58 வயதில் மைனிக்குப் பென்ஷன் வந்தது. 2014 முதல் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாயில் கிழவனும் கிழவியும் பிழைக்க முடியுமா என்று கேட்டால் முடியாதுதான். ஆனால் மாதாமாதம் வருகிறது. வருஷத்துக்கொரு தடவை உயிரோடிருக்கிறேன் என்று கைரேகை வைக்க வேண்டும். இலை மடக்கி மடக்கித் தேய்ந்த விரலை மெஷின் லேசில் ஒப்புக்கொள்ளாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு வருவார். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் அண்ணாச்சிக்குத்தான்.

அண்ணாச்சியின் உயிலில் மைனி ஒன்பதாம் பக்கம் வருகிறார்: “என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் தெருப்பார்த்த முன்னறையில் குடியிருந்துகொள்ள வேண்டியது, விற்கவோ ஈடு வைக்கவோ யாதொரு பாத்தியதையும் இல்லை.”

போன வாரம் புது உயில். பத்திரம் எழுதுகிறவருக்குச் சுத்தப்பிரதிக் கூலி கொடுக்க வேண்டும். அண்ணாச்சி வழக்கம்போல அடுப்பங்கரை வாசலில் போய் நின்றார். மைனி பென்ஷன் பணத்தில் இருநூறை எடுத்துக் கொடுத்தார்.

“இந்தத் தடவையாவது என்னைய நடுவீட்டுக்கு மாத்தி எழுதச் சொல்லுங்க. முன்ரூம்புல சாயங்கால வெயிலு தாங்க முடியல.”