அவுட்சைட் தி ஆஃப் ஸ்டம்ப்

மகளுக்கு எழுதிவைக்க என்னிடம் இரண்டே சொத்துகள்தான் உண்டு. ஒன்று, வேளச்சேரியில் மாதத்தவணையில் ஓடிக்கொண்டிருக்கும் வீடு. மற்றொன்று, டெஸ்ட் கிரிக்கெட் பைத்தியம். வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில் இருப்பதால், பைத்தியத்தை முதலில் கைமாற்றிவிடத் தீர்மானித்தேன்.

ஐபிஎல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது லேசான காரியமில்லை. "அஞ்சு நாள் ஆடியும் டிராவா? அப்ப எதுக்குப்பா ஆடினாங்க?" என்றாள். எங்கள் அலுவலகக் கூட்டங்களைப் பற்றி என் மனைவி கேட்பதும் இதையேதான்.

முதல் பாடம், பந்தை விடுவது. அடிக்க எல்லோராலும் முடியும், தொடாமல் விடுவதுதான் வித்தை என்று சொல்லி, திராவிடையும் புஜாராவையும் யூடியூபில் போட்டுக் காட்டினேன். கற்பூரப் புத்தி, கப்பென்று பிடித்துக்கொண்டாள். மறுவாரம் அலமாரியை அடுக்கச் சொன்னேன். ஆள் அசையவில்லை.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுப்பா. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய போற பால். விட்டுட்டேன்."

கணக்கு வீட்டுப்பாடம் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கே 'பேட் லைட்' வந்துவிடும். என் தீர்ப்பு பிடிக்காவிட்டால் இரண்டு கைகளாலும் 'டி' போட்டு அடுக்களையில் இருக்கும் மூன்றாவது நடுவரிடம் போவாள். அங்கே 'அம்பயர்ஸ் கால்' என்ற சலுகை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

எனக்கு இந்த நோய் தொற்றியது என் அப்பாவின் டிரான்சிஸ்டர் வழியாக. 1986 செப்டம்பரில், சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் 'டை'யில் முடிந்ததே, அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட கதையை வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். சிலர் மறுபடி வரவில்லை. மகளுக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கிச் சொன்னேன். இலக்கு 348. கையில் ஒரே விக்கெட். கடைசி ஓவர், சாஸ்திரி ஒரு ரன் ஓடி ஸ்கோரைச் சமன் செய்கிறார், இன்னும் மூன்று பந்து...

"இருங்கப்பா. நல்லா ஆடறவர் அந்தப் பக்கம் போயிட்டாரா? அப்ப கடைசி ஆளா பேட் பண்ணணும்?"

"தோக்கக் கூடாது இல்லையாம்மா, அதுக்காக..."

"சரி, ஜெயிக்க வேணாமா?"

கிரிக்கெட் பண்டிதர்கள் இதே கேள்வியைப் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஆனால் அவர்கள் கதை முடியும்வரை பொறுத்திருந்து கேட்டவர்கள். மணிந்தர் சிங்கின் எல்பிடபிள்யூவுக்காக நான் குரலைத் தாழ்த்தி, கையை உயர்த்தி, பவுலர் மேத்யூஸாக மாறத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் கேட்டுவிட்டாள். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டேன்.

2024 ஜூன் 28ஆம் தேதி, அதே சேப்பாக்கத்தில் இந்தியா - தென்னாப்பிரிக்கா மகளிர் டெஸ்ட் தொடங்கியது. வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிட்டு, பறக்கும் ரயிலில் இருவரும் போய் இறங்கினோம். பெண்கள் டெஸ்ட் நாலு நாள்தான் என்று தெரிந்ததும், "பாருங்க, நாங்க ஒரு நாள் முன்னாடியே முடிச்சிடுவோம்" என்றாள். நான் அதை ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே விட்டேன்.

உட்கார்ந்ததும் வேதம் ஓதினேன்: முதல் ஒரு மணி நேரம் பவுலருக்குச் சொந்தம், அவருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அன்று ஷஃபாலி வர்மா 197 பந்தில் 205. ஸ்மிருதி மந்தனா 149. முதல் விக்கெட்டுக்கு 292. நாள் முடிவில் நாலு விக்கெட்டுக்கு 525. மகளிர் டெஸ்டில் ஒரே நாளில் அத்தனை ரன் அதற்குமுன் யாரும் எடுத்ததில்லை. தேநீர் இடைவேளை வாக்கில் மகள் மெதுவாகத் திரும்பினாள். "அப்பா, பவுலருக்கு இன்னும் எவ்வளவு நேரம் கொடுக்கணும்?"

என் பள்ளிக்கூடம் அத்தோடு இழுத்து மூடப்பட்டதாகத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்துகொண்டது. ஸ்னே ராணா எட்டு விக்கெட் எடுத்து தென்னாப்பிரிக்காவை 266க்குச் சுருட்ட, அவர்கள் ஃபாலோ-ஆன் ஆட வந்தார்கள். கேப்டன் லாரா வோல்வார்ட் அசையவில்லை. விட்டார். தடுத்தார். மறுபடி விட்டார். என் மகள் சமோசாவை மறந்து, "நல்லா விட்டாங்க" என்று எதிரணிக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டநேரம் முடிந்தபோது வோல்வார்ட் 93.

ரயிலில் என் தோளில் சாய்ந்து, "நாளைக்கும் காய்ச்சல் இருக்கும் போல இருக்குப்பா" என்றாள். வீட்டுக்கு வந்து முறையீடு செய்தோம். மூன்றாவது நடுவர் ரீப்ளேகூடப் பார்க்காமல் "ரெண்டு பேரும் அவுட்" என்றார்.

மறுநாள் வோல்வார்ட் 300 பந்துக்கு மேல் தாங்கி 122 எடுத்தார். ஆனாலும் இந்தியா பத்து விக்கெட்டில் ஜெயித்தது. பள்ளிவிட்டு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டது வெற்றியைப் பற்றி இல்லை. "லாரா நூறு அடிச்சாங்களா?"

கிரிக்கெட் வாரியத்துக்கு எங்கள் வீட்டின் விண்ணப்பம் இதுதான். நம் பெண்கள் ஆடும் டெஸ்ட்கள் மிகக் குறைவு, சில ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. கூடுதலாக நடத்துங்கள், சேப்பாக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். முடிந்தால் பள்ளி விடுமுறையில் வையுங்கள். வகுப்பாசிரியை அடுத்த காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு கேட்டிருக்கிறார்.